காலுக்குக் கட்டிய திரை

அண்ணனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லி உங்களில் மூன்று பேர் போன் செய்துவிட்டீர்கள். ஆயுசு முழுக்க ஆர்கன் பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குச் சபையார் பொன்னாடை போர்த்துகிறார்கள், பழைய முகாம் பிள்ளைகள் எல்லோரும் கூடுகிறோம், விழா மலர் ஒன்றும் போடுகிறோம், கூடப் பிறந்தவள் நீ எழுதாமல் யார் எழுதுவது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. எழுதுகிறேன். ஆனால் நாலு வார்த்தையில் நிற்காது. எல்லாம் நல்ல வார்த்தையாகவும் இருக்காது. அச்சில் போட உங்களுக்குத் தைரியம் இருக்கிறதா என்பது உங்கள் பாடு.

வயதானால் கோபம் தணிந்துவிடும் என்று சொல்கிறவர்களை நான் பார்க்க வேண்டும். எனக்கு முட்டி தேய்ந்தது, சர்க்கரை வந்தது, ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. அந்தக் கோபம் மட்டும் ஒரு நோயும் நொடியும் இல்லாமல் திடமாக இருக்கிறது.

எழுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம். எனக்குப் பதின்மூன்று, அண்ணனுக்குப் பதினாறு. அப்பா திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக் கடையில் கணக்குப் பார்த்தார். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ், ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கீர்த்தனைத் தமிழ் என்று மூன்றையும் ஒரே வாயில் போட்டு மென்று வளர்ந்தோம். உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் அதே கதைதான்.

நம் கோவிலில் அதுவரை இருந்தது கால் ஆர்கன். கீழே இரண்டு மிதிப் பலகை இருக்கும். மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே இருந்தால் உள்ளே துருத்தியில் காற்று நிரம்பும். கை மேலே வாசிக்கும். மிதிக்கிறவர் கொஞ்சம் அசந்தால் பாட்டு பாதி அடியில் பெருமூச்சு விட்டுப் படுத்துவிடும். பாட்டன் காலத்திலிருந்து அந்தப் பெட்டியைப் பார்த்துப் பார்த்து நம் சபையாருக்கு ஒரு விஷயம் மனதில் கல்லாக உறைந்திருந்தது. கை சங்கீதத்துக்கு, கால் காற்றுக்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என் வயிற்றெரிச்சல் முழுவதும் இதில்தான் வந்து நிற்கும்.

அப்போதுதான் கப்பலில் வேலை பார்த்துத் திரும்பிய சபையார் ஒருவர் கோவிலுக்கு ஒரு கரண்ட் ஆர்கனைக் காணிக்கையாகக் கொடுத்தார். கொச்சியிலிருந்து லாரியில் வந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வரிசைக் கட்டைகள். அதற்கும் கீழே, தரையோடு ஒட்டி, காலால் வாசிக்கிற நீளமான மரக் கட்டைகள் ஒரு வரிசை. கூடவே அலமாரி உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி. உள்ளே குழல் சுழலும், சத்தம் காற்றில் நீந்தி வரும். மின்சாரத்தை மாற்றிக் கொடுக்க ஒரு இரும்புப் பெட்டி எந்நேரமும் வண்டு மாதிரி இரைந்துகொண்டிருக்கும். சுவிட்சைப் போட்டதும் சூடேறிய தூசியின் வாசனை வரும். இன்றைக்கும் இஸ்திரிப் பெட்டி சூடாகும்போது அந்த வாசனைக்கு நான் ஒரு நிமிடம் நின்றுவிடுவேன்.

கால் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த பெரியவர் வந்து புதிய கட்டையில் கை வைத்தார். அது அலறிய அலறலில் எழுந்து போனவர்தான், திரும்பி வரவில்லை. பெஞ்சு காலியானது.

அந்த ஊரில் அப்படி ஒரு ஆர்கனைக் கையாளத் தெரிந்தவர்கள் கடற்கரை ஹோட்டல் பேண்டுகாரர்கள்தான். மே மாதம் கோவளத்தில் கடல் கொந்தளிக்கும், வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், பேண்டுக்கு வேலை இருக்காது. ஆகவே கமிட்டி கூடி யோசித்து, பெண்கள் பள்ளிக்கூட ஹாலில் ஆர்கனை இறக்கி, பாடகர் குழுப் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கக் கோடை விடுமுறை இசை முகாம் என்று ஒன்றை வைத்தது. பேண்டில் இருந்து இரண்டு பேர் சொல்லிக்கொடுக்க வந்தார்கள். முகாம் முடிகிற நாளில் யார் தேறுகிறார்களோ அவர்களுக்குக் கோவில் பெஞ்சு. அதன் பிறகும் ஞாயிறுதோறும் அந்த இருவரில் ஆர்கன் வாசிக்கிறவர் வந்து அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். முதல் நாள் காலை ஜெபத்துக்குப் பிறகு போதகர் இதைச் சொன்னபோது நான் அந்தப் பெஞ்சைப் பார்த்தேன். எனக்கு அது வேண்டும். மிட்டாய் வேண்டும், புதுப் பாவாடை வேண்டும் என்பது மாதிரி இல்லை. அது இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று பயம் வருகிற மாதிரி வேண்டும்.

ஆர்கன் மாஸ்டரை நினைவிருக்கிறதா? ஒல்லி, எண்ணெய் வைத்து வாரிய நரைத்த தலை, வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய். கொல்லத்துக்காரர், அம்மா தமிழ். கல்கத்தா ஹோட்டல்களிலும் கொழும்பிலும் கப்பலிலும் ஜாஸ் வாசித்த மனிதர். ஒரு துணிப் பையில் மெல்லிய தோல் அடியுள்ள கறுப்பு ஷூ வைத்திருப்பார். ஆர்கனில் உட்காரும்போது மட்டும் அதை மாட்டுவார், எழுந்ததும் துடைத்துப் பைக்குள் வைப்பார். கூட வந்தவர் பாஸ் மாஸ்டர். பாட்டுக்கு அடிச்சுரம் போடுகிற பாஸ் கிட்டாரைத் தொப்பையில் சாய்த்துக்கொண்டு உதட்டாலும் தும் தும் என்று கூடவே வாசிப்பார். அண்ணன் அவரிடம் சேர்ந்துகொண்டான். கிட்டாரோடு நின்றால் அவன் அழகாக இருப்பான். அதைத் தவிர வேறு காரணம் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

அண்ணன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

என் முதல் பாடம் இதுதான். "மோளே, கை ரெண்டும் தலையில வை" என்றார் ஆர்கன் மாஸ்டர். "இனி உனக்குக் கையே இல்லேண்ணு நெனச்சுக்கோ. கால் மட்டும்."

வெறுங்காலோடு அந்த மரக் கட்டைகளைத் தேடினேன். குனிந்து பார்த்தால் என் தாடையைப் பிடித்து நிமிர்த்துவார். இடது காலின் நுனி ஒரு சுரம், குதிகால் அடுத்த சுரம். வலது கால் சத்தத்தை ஏற்றி இறக்குகிற மிதியில் இருக்க வேண்டும். இடது கால்தான் பாட்டின் அடியில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். நிற்கவும் கூடாது, ஓடவும் கூடாது. எனக்கு நடை வரவில்லை என்றதும் என்னை எழுப்பி ஹால் வராந்தாவில் நடக்கவிட்டார். பாஸ் மாஸ்டர் தூணில் சாய்ந்துகொண்டு என் ஒவ்வொரு அடிக்கும் ஒரு தும் போட்டார்.

"ஏய், பாட்டு உன்னை இழுத்துக்கிட்டுப் போவல்லே. நீதான் பாட்டைக் கூட்டிக்கிட்டுப் போறே. சந்தைக்குக் கூட்டிக்கிட்டுப் போற மாதிரி நட" என்று ஆர்கன் மாஸ்டர் ஜன்னலிலிருந்து கத்துவார்.

நடந்தேன். கஞ்சியும் பயறும் சாப்பிடப் போகும்போது நடந்தேன், குளிக்கப் போகும்போது நடந்தேன். பாயில் படுத்திருக்கும்போதும் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்துப் பாய்க்காரி, நீதான், பேய் பிடித்திருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னாய்.

ஜாஸ் என்ற சொல்லை அவர் ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் குரலைத் தாழ்த்தி. "இதுக்கு ஜாஸ்ணு பேரு. சபைக்காரங்ககிட்ட சொல்லாண்டாம். கேட்டா, கொஞ்சம் உற்சாகமாட்டு வாசிச்சோம்ணு சொல்லு, அது மதி, போதும்." நாம் சிறுபிள்ளையிலிருந்து பாடிய ஞானப்பாட்டையேதான் எடுத்துக்கொண்டார். வலது கை பாட்டைப் பாடியது. இடது கை நடுவில் வெட்டி வெட்டிச் சுரக்கூட்டுகளை வைத்தது. அடியில் என் கால் நடந்தது. மூன்றும் தனித்தனியாக ஒரு வாரத்துக்கு மேல் சண்டை போட்டன. ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு மணி அடிக்கப்போகிற நேரம், மூன்றும் சேர்ந்துகொண்டன.

எனக்கு வயிற்றுக்குள் ஏதோ இறங்கிப் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. மேடைப் பலகை அதிர்ந்தது. அடுக்கி வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்து ஒலித்தன. ஆர்கன் மாஸ்டர் மிட்டாயைக் கடித்து விழுங்கிவிட்டு, "கொள்ளாம்... நல்லாயிருக்கு... நிறுத்தாதே" என்றார். நீங்கள் எல்லோரும் வராந்தாவிலிருந்து ஓடி வந்தீர்கள். தரையில் உட்கார்ந்தீர்கள். சிலர் அதிர்வைப் பிடிக்க உள்ளங்கையைத் தரையில் வைத்தீர்கள். எல்லோர் கண்ணும் என் காலில் இருந்தது. இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் பார்த்தீர்கள்.

பெண்கள் சங்கத் தலைவியும் பார்த்தார். கஞ்சி சரியாக வெந்திருக்கிறதா என்று பார்க்க வந்தவர், நான் வராந்தாவில் நடப்பதையும், ஹோட்டல்காரர் இரண்டு பேர் என் காலைப் பார்த்துத் தாளம் போடுவதையும், பெஞ்சில் பாவாடையோடு காலை விரித்து உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார். மறுநாள் அம்மா பஸ் பிடித்து வந்தாள். கையில் பச்சைத் துணி. பிரசங்க மேடைக்குப் போர்த்துவதற்காகச் சாலைக் கடைத்தெருவில் எடுத்த துணியில் மிச்சம். பெஞ்சைச் சுற்றி மூன்று பக்கமும் தொங்குகிற மாதிரி, வளையம் வைத்துத் திரை தைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"இது எதுக்கும்மா?" என்றேன்.

"ஏட்டி, பொம்பளப்பிள்ள இப்பிடிக் காலை அகத்தி வச்சு இருந்தா சனம் எதைப் பாக்கும்? பாட்டையா பாக்கும்?"

"பாட்டு காலுலதாம்மா இருக்கு."

"வாயை மூடு. தலைவியம்மா நல்ல மனசோட சொன்னாங்க. இல்லேண்ணா உன்ன அண்ணைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க, கேட்டியா."

நான் ஆர்கன் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் திரையை இழுத்துப் பார்த்தார், வளையங்கள் கிலுங்கின, சிரித்தார். "நல்லதாப் போச்சு. இனி நீ காலைக் குனிஞ்சு பாக்க முடியாது. துணிக்குள்ள சத்தம் நிக்குமா மோளே? வெளிய வந்துடும்."

அவர் காதை நம்பி வாழ்ந்த மனிதர். காது உள்ளவர்கள் கேட்பார்கள் என்று நினைத்தார். எத்தனை ஹோட்டலில், எத்தனை கப்பலில் வாசித்தும் ஜனங்கள் கண்ணால்தான் பாட்டுக் கேட்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் போனது. இல்லை, தெரிந்தேதான் தலைவியம்மாவோடு சண்டை வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ. இரண்டில் எதுவாக இருந்தாலும் நான் மன்னிக்கவில்லை.

திரைக்குள் ஒரே புழுக்கம். கஞ்சி போட்ட துணியின் வாடை மூக்கை அடைக்கும். கால் வியர்த்துக் கட்டையில் வழுக்கும். கொசு கடித்தால் சொறிய முடியாது, இரண்டு காலுக்கும் வேலை இருக்கிறது. அதற்குள் வைத்தே வாசித்தேன். அந்தப் பெஞ்சு எனக்கு வேண்டும்.

முடிவு நாள் வந்தது. ஹால் நிறையச் சபையார். முன் வரிசையில் போதகர், கமிட்டிச் செயலாளர், தலைவியம்மா. சங்கீதம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். அவர் சொல்கிறதுதான் தீர்ப்பு. கடைசி நிகழ்ச்சி எங்களுடையது. நான் ஆர்கனில், அண்ணன் பாஸ் கிட்டாரில்.

மேடை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்பு கரண்ட் போய் வந்தது. வந்த வேகத்தில் அண்ணனுடைய கிட்டாருக்குச் சத்தம் கொடுக்கிற ஆம்ப் பட்டென்று வெடித்துப் புகைந்தது. ஆர்கனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாஸ் மாஸ்டர் ஆம்பின் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துக் கையை விரித்தார். அண்ணன் முகம் அழுகிற மாதிரி ஆனது. புதுப் பேன்ட்டும் வெள்ளைச் சட்டையும் அணிந்து வந்திருந்தான். அம்மா இரண்டாம் வரிசையில் இருந்தாள்.

"சாரமில்லே, பரவாயில்லே" என்றார் பாஸ் மாஸ்டர். "நீ சும்மா நின்னு விரலை ஆட்டு. அழகாட்டு நில்லு. பாஸ்தான் இவளுக்க காலுல இருக்கே."

ஆர்கன் மாஸ்டர் என் பக்கம் குனிந்தார். "மோளே, உன் கால் மதி. அவன் நிக்கட்டும், மேடை நெறஞ்சு இருக்கும்."

நானும் தலையாட்டினேன். அண்ணன் அழக்கூடாது என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்?

திரைக்குள் காலை விட்டேன். வாசித்தேன். அதை நான் விவரிக்கப்போவதில்லை. நீங்கள் இருந்தீர்கள், கேட்டீர்கள். ஞானப்பாட்டின் இரண்டாம் சுற்றில் ஹாலே தலையாட்டியது எனக்குத் தெரியும். கண்டிப்பான கமிட்டிச் செயலாளர் முழங்காலில் தாளம் போட்டார். கடைசிச் சுற்றில் கையை எடுத்துவிட்டுக் காலை மட்டும் தனியாக நடக்கவிட்டேன், ஆர்கன் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி. அந்த இடத்தில்தான் கைதட்டல் இடி மாதிரி வந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் அண்ணனைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, செத்துப்போன கிட்டாரின் கம்பிகளில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தான்.

பேராசிரியர் மைக்கைப் பிடித்தார். "இந்தப் பையனுடைய விரல்களில் கர்த்தர் ஒரு வரத்தை வைத்திருக்கிறார்! அந்தக் கடைசி இடம்... அடடா, தரை அதிர்ந்ததே! தங்கையும் பின்னால் அடக்கமாக, அழகாக ஒத்து வாசித்தாள்." பிறகு போதகர் எழுந்து, இவ்வளவு ஞானம் உள்ளவன் ஆர்கனைக் கற்றுக்கொள்வது பெரிய காரியமில்லை என்றும், பெண் பிள்ளை நாளைக்கு வேறு சபைக்குக் கட்டிக்கொண்டு போய்விடும் என்றும், ஆகவே பெஞ்சு அண்ணனுக்கு என்றும் சொன்னார்.

நான் திரையைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். வளையம் ஒன்று அறுந்து மேடையில் உருண்டது. போதகர் முன்னால் போய் நின்று சொன்னேன். "ஐயா, அது அண்ணன் வாசிச்சதில்ல. நான் கால்ல வாசிச்சேன்."

அவர் என் தலையில் கை வைத்தார். கனிவான மனிதர், அதுதான் இன்னும் கொடுமை. "தெரியும் மக்ளே. அவ்வளவு நேரம் காத்து அடிக்கது சின்ன வேலையா? கால் வலிச்சிருக்கும். நல்லாட்டு அடிச்சே."

"காத்து இல்ல ஐயா! இது கரண்ட் ஆர்கன். இதுக்குக் காத்தே வேண்டாம்!"

கமிட்டிச் செயலாளர் திரும்பினார். "காத்து வேண்டாமா? அப்போ பின்ன காலு எதுக்கு?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

சிரித்தவர்களில் நீங்களும் உண்டு. எல்லோரும் இல்லை. பக்கத்துப் பாய்க்காரி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காதில் சொன்னாள். "விடுட்டி. அண்ணனுக்குத்தானே கிடைச்சுது? வீட்டை விட்டா போச்சு?" அந்த வாக்கியத்தை நான் இத்தனை வருஷமும் மென்றுகொண்டிருக்கிறேன், இன்னும் விழுங்க முடியவில்லை. முகாம் முழுவதும் தரையில் உட்கார்ந்து என் காலைப் பார்த்த பிள்ளைகள் நாற்பது பேராவது இருப்பீர்கள். ஒருவர் எழுந்து நின்று சொல்லியிருந்தால் போதும். பிள்ளைகள்தானே, பெரியவர்கள் முன்னால் எப்படி வாய் திறப்பது என்பீர்கள். சரி. அதற்குப் பிறகு நீங்களும் பெரியவர்கள் ஆனீர்கள். அப்போது யார் வாயைப் பொத்தியது?

ஆர்கன் மாஸ்டர் சொன்னார், அதையும் மறைக்கவில்லை. தலைவியம்மாவிடம் போய், "பாஸ் வாசிச்சது அந்தப் பிள்ளையாக்கும்" என்றார். தலைவியம்மா புதினா வாசனையை மோந்து, குடியை மறைக்கிற வாசனை என்று எண்ணி, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு திரும்பிவிட்டார். உடனே மாஸ்டர் ஒயர்களைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். மைக் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அது அணைக்கப்படவும் இல்லை. "ஞாயிறு வந்து நான் சரியாக்குதேன் மோளே" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் கிழக்குக் கோட்டைக்குப் போகிற பஸ்ஸில் அம்மா நடுவில், நான் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். அண்ணன் மடியில் மாலை இருந்தது. "நீ சொல்லியிருக்கலாம்லா?" என்றேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "நானும் வாசிச்சேன்லா" என்றான். "எங்கலே வாசிச்சே? உனக்க கிட்டாரு செத்துல்லா கிடந்துது!" என்று கத்திவிட்டேன்.

அம்மா என் தொடையைத் திருகினாள். கண்ணில் நீர் வந்தது. "மூத்தவனையா 'லே'ங்கே? எங்கட்டி படிச்சே இதை? அந்தக் கூத்தாடிகளுக்ககிட்டயா?" வீடு வரைக்கும் திட்டினாள். வீட்டில் அப்பாவிடமும் அதுதான் புகாராகப் போனது. அண்ணனை மரியாதையில்லாமல், தம்பியைக் கூப்பிடுகிற மாதிரி, 'லே' என்று சொன்னேன். நான் என்ன சொன்னேன் என்பது யாருக்கும் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் மாஸ்டர் ஷூப் பையோடு வந்தார். அதற்குள் ஆர்கனைக் கோவிலுக்கு மாற்றியிருந்தார்கள். செயலாளர் விஷயத்தை நன்றாக விசாரித்திருந்தார். கரண்ட் ஆர்கனுக்குக் காற்று வேண்டாம் என்று நான் சொன்னது உண்மைதான் என்று தெரிந்துகொண்டார். காற்று வேண்டாம் என்றால் கால் வேண்டாம், கால் வேண்டாம் என்றால் அந்தக் கட்டைகள் எதற்கு, ஆள் இடறி விழவா? நல்ல தேக்குப் பலகை ஒன்றை வாங்கி, கால் கட்டைகளை மூடித் திருகாணி போட்டு முறுக்கிவிட்டார். நான் உண்மையைச் சொன்னேன், அதை வைத்தே என்னை மூடினார்கள்.

மாஸ்டர் பலகையைக் காலால் தட்டிப் பார்த்தார். போதகரிடம் ஏதோ பேசினார். பிறகு என்னைப் பார்த்தார், கண்ணைத் தாழ்த்திக்கொண்டார், ஷூவைப் பையிலிருந்து எடுக்காமலே போய்விட்டார். வேறு ஊர் ஹோட்டலுக்குப் போய்விட்டார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

பச்சைத் திரை மட்டும் கோவிலுக்கு வந்த பிறகும் கொஞ்ச காலம் பெஞ்சைச் சுற்றித் தொங்கியது. அண்ணனுடைய காலை யார் பார்க்கப்போகிறார்கள்? அழகாக இருக்கிறது என்று விட்டுவைத்தார்கள். நான் பக்கத்தில் நின்று அவனுக்குப் பாட்டுப் புத்தகத்தின் பக்கங்களைத் திருப்பினேன், கட்டிக்கொண்டு நாகர்கோவில் பக்கம் போகும் வரை.

அண்ணன் ஆர்கனைக் கற்றுக்கொண்டான். ஒழுங்காக, நேராக, தப்பில்லாமல் வாசித்தான். அந்தப் பெட்டியைக் கண் மாதிரி பார்த்துக்கொண்டான், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அடியில் யாரும் நடக்கவில்லை. என் வீட்டுக்காரர் இறந்தபோது சவப்பெட்டியை முன்னால் வைத்து ஆராதனை நடந்தது. யாரோ ஆர்கன் வாசித்தார்கள், அதிலும் அடி இல்லை. என் இடது கால் சிமெண்டுத் தரையில் கட்டையைத் தேடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் நான் நடுங்குகிறேன் என்று நினைத்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

அண்ணன் தன் பேரப்பிள்ளைகளுக்கு அந்த முகாம் கதையைச் சொல்வான். விரல் நுனி தோல் உரிந்ததாம், ரத்தம் கம்பியில் வழிந்ததாம், தரை அதிர்ந்ததாம். கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் பொய் சொல்லவில்லை. சத்தியமாக அவனுக்கு அப்படித்தான் நினைவிருக்கிறது. பொய் சொன்னான் என்றால் பிடித்துக் கேட்கலாம். எல்லோருமாகக் கைதட்டி அவன் நினைவையே மாற்றிவிட்டீர்கள், நான் யாரைப் பிடித்துக் கேட்பது?

போன வாரம் உங்கள் போன் வந்த பிறகு திருவனந்தபுரத்துக்கு வந்தேன். கோவிலைக் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளையிடம் திருப்புளி இருக்கிறதா என்று கேட்டேன். "எதுக்கு அக்கா?" என்றான். "ஒரு பலகையைக் கழத்தணும்" என்றேன். திருகாணிகள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தன. அவன்தான் எண்ணெய் விட்டு, தட்டி, கழற்றிக் கொடுத்தான். பலகையைத் தூக்கியதும் உள்ளே கரப்பான் சிறகுகளும் தூசியும். புடவைத் தலைப்பால் துடைத்தேன். லாரியிலிருந்து இறங்கிய அன்றைக்கு இருந்த மெருகு அந்தக் கட்டைகளில் அப்படியே இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு மனிதர் கால் படவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

செருப்பைக் கழற்றினேன். சுவிட்சைப் போட்டேன். தூசி சூடாகிற வாசனை வந்தது. இரண்டு கட்டைகள் ஊமையாகிவிட்டிருந்தன, மற்றவை பேசின. கையைத் தலையில் வைத்துக்கொண்டு காலை மட்டும் நடக்கவிட்டேன். முட்டி வலித்தது. ஆனால் வழி மறக்கவில்லை. நடந்து நடந்து அந்தக் கடைசி இடத்துக்கு வந்தபோது பக்கக் கதவு திறந்தது.

அண்ணன் வந்தான். கையில் கோவில் சாவி. முதலில் அப்படியே நின்றான், பிறகு கிழட்டு முகம் முழுவதும் சிரிப்பாக, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தான்.

"ஏட்டி! இது நான் அண்ணைக்கு வாசிச்சதுல்லா?" என்றான். "உனக்கு இது எப்பிடித் தெரியும்?"

கால் நிற்கவில்லை. கை இரண்டும் தலையில்தான் இருந்தது.

"கீழ பாருலே" என்றேன்.

பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். சிரிப்பு எந்த இடத்தில் போனது என்று எனக்குத் தெரியும், அந்த இடத்தில் நான் இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதித்தேன். பிறகு அவன் முன் வரிசை பெஞ்சில் போய் உட்கார்ந்து, கிட்டாரைப் பிடிக்கிற மாதிரி மடியில் இருந்த தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

பொன்னாடையைப் போர்த்துங்கள். நான் தடுக்கப்போவதில்லை. பலகையைக் கோவில்பிள்ளை அடுப்புக்குக் கொண்டுபோய்விட்டான், ஆகவே அதைத் தேட வேண்டாம். அன்றைக்கு நான் வாசிக்கிறேன், செருப்பில்லாமல், திரையில்லாமல். நீங்கள் எல்லோரும் முன்னால் வந்து உட்காருங்கள். என் முகத்தைப் பார்க்க வேண்டாம், குனிந்து கீழே பாருங்கள்.